தாத்தாவின் திராட்சைச் சரிவும் மேனேஜ்மென்ட் சீட்டும்

ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ, உயிரியல்-கணிதப் பிரிவு. தாயின் தகப்பனாருக்குப் பெங்களூரு பக்கம் நந்தி மலைச் சரிவில் ஏழு ஏக்கர் திராட்சைத் தோட்டமும், அதை ஒட்டி ஒரு சின்ன ஒயின் ஆலையும் இருக்கின்றன. தாத்தாவுக்கு 74 வயது. தாயின் தம்பி கணக்கு வழக்கைப் பார்க்கிறார்; கொடியைத் தொடுவதில்லை. விடுமுறை விட்டால் பேத்தி அங்கேதான். "தாத்தாவுக்கு அப்புறம் நான் பார்த்துக்கிறேன்" என்கிறாள். இதற்குள் கணவரின் அண்ணன் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பேசி முடித்துவிட்டார். நான்கு வருடத்துக்கு 16 லட்சம். "வயசுப் பெண்ணைச் சாராயத் தொழிலுக்கா அனுப்புவீங்க?" என்பது அவர் கேள்வி. பொங்கலுக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்.

அம்மா, உங்கள் தூக்கம் கெட்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. "எது படித்தாலும் நன்றாக வருவாள்" என்று நான் ஆறுதல் எழுதினால் உங்களுக்கு ஒரு வாரம் நிம்மதி கிடைக்கும். முன்பணமும் போய்விடும். அதனால் நேராகச் சொல்கிறேன்: அந்த 16 லட்சத்தைக் கட்டாதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்பதால் சொல்லவில்லை. உங்கள் மகள் அதைக் கேட்கவில்லை. கேட்காத படிப்புக்குக் கடன் வாங்கிக் கட்டும் பணம் அவள் தலையில்தான் பாரமாக ஏறும். கணவரின் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார், ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

பொறியியல், மருத்துவம், சி.ஏ. பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்றைப் பற்றி விரிவாகப் பேசலாம்: திராட்சை வளர்ப்பையும் ஒயின் தயாரிப்பையும் முறையாகப் படிப்பது.

முதலில் அந்தச் "சாராயத் தொழில்" பேச்சு. ஒயின் ஆலையில் வேலை செய்பவர் குடிப்பவர் என்ற நினைப்பைத் தள்ளி வையுங்கள். அங்கே நடப்பதில் பாதி வேதியியல் ஆய்வகம், பாதி பால் பண்ணையின் சுத்தம். சுவை பார்ப்பவர் வாயில் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் குறிப்பு எழுதுவார். அதே நந்தி மலைப் பக்கம் 1988-இல் கன்வல் குரோவர் ஒயின் திராட்சை நட்டார். அவர் மகன் கபில் தொழிலைத் தொடர்ந்தார். பேத்தி கரிஷ்மா கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இதே படிப்பைப் படித்துவிட்டு வந்து ஒயின் தயாரிப்பில் இறங்கினார். பேத்தி கைக்குத் தோட்டம் வருவது அந்த ஊருக்குப் புதிதில்லை.

நிலம் பத்திரத்தில் வந்துவிடும். கொடியைப் படிக்கும் கண் பத்திரத்தில் வராது. அதை யாராவது கற்க வேண்டும், தாத்தா நடமாடும்போதே கற்க வேண்டும். ஏன் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

நம் தென்னாட்டுச் சூட்டில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தானாக உறங்குவதில்லை. அதனால் வருடத்துக்கு இரண்டு கவாத்து, அதாவது இரண்டு முறை குச்சிகளை வெட்டிவிடுவது. ஏப்ரலில் அடிக்கவாத்து, செப்டம்பர், அக்டோபரில் காய்க்கவாத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. ஏப்ரல் கவாத்துக்குப் பின் ஏறத்தாழ 40 முதல் 70 நாளுக்குள், புதுக் குச்சியின் மொட்டுக்குள் அடுத்த காய்ப்பின் குலை உருவாகிவிடும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அந்த நாட்களில் தழைச்சத்தை அள்ளிப் போட்டாலோ, தண்ணீரை அதிகம் விட்டாலோ கொடி தழைத்துச் செழிக்கும், மொட்டில் குலை இருக்காது. தப்பு நடந்தது மே மாதம், தெரிய வருவது நவம்பரில். வெட்டிவிட்ட குச்சியெல்லாம் வெறும் தளிராக நீளும்போது மருந்துக் கடைக்கு ஓடிப் பயனில்லை. தாத்தாவுக்கு இது அனுபவத்தில் தெரியும். ஏன் என்று விளக்கத் தெரியாமல் இருக்கலாம். படித்த பேத்திக்கு ஏன் என்று தெரியும், ஆனால் அந்தச் சரிவில் எந்த வரிசை எப்போது வாடும் என்று தெரியாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர வேண்டும்.

சரிவு நிலம் வேறு. தண்ணீர் தேங்காது, மலையிரவின் குளிர்ச்சியில் பழத்தின் புளிப்பு தங்கும். ஒயினுக்கு அது பெரிய வரம். மறுபக்கம், மேல்மண் மழையில் இறங்கும். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் சொட்டுநீர் அழுத்தம் மாறும். ஒரே நாளில் மேலே பழுத்திருக்கும், கீழே பழுத்திருக்காது. காய்க்கவாத்துக்குப் பின் இளந்தளிரும் பூவும் இருக்கும் நாட்களில் நான்கு நாள் மழை பிடித்தால் அடிச்சாம்பல் நோய் குலையோடு கொண்டுபோகும். இதைத் தடுக்கத் தெளிக்கும் ஒரு சதவீத போர்டோ கலவைக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்று எல்லோரும் சொல்வார்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும், உலோகப் பாத்திரம் ஆகாது, கலந்த அன்றே அடித்துவிட வேண்டும் என்பதைச் செய்து பழகினவர்தான் சொல்வார்.

ஆலைக்குள் வந்தால் கணக்கு இன்னும் நுணுக்கம். சிவப்பு ஒயினுக்குப் பழத்தில் இனிப்பு 22 முதல் 24 பிரிக்ஸ், புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவு 3.3 முதல் 3.6 வரை இருந்தால் பறிக்கலாம். பிரிக்ஸை 0.55-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஆல்கஹால் சதவீதம். 23 பிரிக்ஸ் என்றால் 12.7 வரும். நசுக்கியவுடன் 1,000 லிட்டர் கூழுக்குச் சுமார் 90 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டால் 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) கந்தக டை ஆக்சைடு கிடைக்கும். குறைந்தால் காட்டு ஈஸ்ட்டும் காடி பாக்டீரியாவும் முந்திக்கொள்ளும், மிஞ்சினால் நாம் போடும் ஈஸ்ட் எழும்பாது. அதே 1,000 லிட்டருக்கு ஈஸ்ட் 200 முதல் 250 கிராம். பத்து மடங்கு வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். ஊறிய ஈஸ்ட்டுக்கும் கூழுக்கும் வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசப்பட்டால் அதிர்ச்சியில் பாதி செத்துவிடும். நொதிக்கும்போது 25 முதல் 30 டிகிரி. 35-ஐத் தாண்டினால் நொதித்தல் பாதியில் நின்று, சர்க்கரை மிச்சமிருக்கும் அந்தத் தொட்டி காடியாகும் வழியில் போகத் தொடங்கும். மேலே மிதந்து வரும் தோலை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை அமுக்கிவிட வேண்டும்.

உயிர் போகும் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிய ஏறத்தாழ 50 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளும் தரையோரமும் தங்கும். தொட்டியைக் கழுவ இறங்கியவர் மயங்கினால், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். காற்று அளவுமானி இல்லாமல், வெளியே ஆள் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. அதேபோல் காய்க்கவாத்துக்குப் பின் மொட்டு விடத் தடவும் ஹைட்ரஜன் சயனமைடு. கையுறை, முகக்கவசம் கட்டாயம். அதைக் கையாண்ட ஆள் மது அருந்தினால் கடுமையாக உடல்நிலை கெடும். ஒயின் ஆலை இருக்கும் இடத்தில் இதைச் சுவரில் எழுதியே வைக்க வேண்டும். தாத்தா தோட்டத்தில் இதை யார் தடவுகிறார்கள் என்று கேளுங்கள்.

சரி, படிப்பு. நான் சொல்வது நான்கு வருட பி.எஸ்சி. (ஹானர்ஸ்) தோட்டக்கலை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் கல்லூரி என் முதல் தேர்வு. காரணம், அது தேனி மாவட்டத்தில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனைமலையன்பட்டியில் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வாரக் கடைசியில் பேருந்து ஏறினால் பந்தல்களுக்கு நடுவே நிற்கலாம். சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில். ஆனால் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தில் இது வராது. பல்கலைக்கழகத் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சென்னைப் பெற்றோர் பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பெங்களூரு தோட்டக்கலைக் கல்லூரி தோட்டத்துக்கு இன்னும் பக்கம். வெளிமாநிலத்தவர் அங்கே போக அகில இந்திய ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு க்யூட் என்னும் அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதன் பதிவுத் தேதியை இப்போதே கவனியுங்கள்.

ஒயின் தயாரிப்பை எடுத்தவுடன் படிக்க வேண்டாம். பழம் தெரியாமல் ஒயின் மட்டும் படித்தவர் அடுத்தவர் ஆலையில் சம்பளத்துக்குத்தான் போக முடியும். இளங்கலை முடிந்தபின் நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு அறுவடைப் பருவம் வேலை செய்யட்டும். புனே மாஞ்சரியில் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒயினுக்கே தனி எம்.எஸ்சி.யும் புனே பக்கம் உண்டு. வெளிநாடு என்றால் ஜெர்மனியின் கைசன்ஹைம், பிரான்சின் மோன்பெலியே. ஆனால் இரண்டு அறுவடை கைப்பட முடிக்காமல் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்க நான் சம்மதிக்க மாட்டேன். வீட்டை அடமானம் வைத்து என்ற பேச்சே வேண்டாம்.

தோட்டம் ஒருவேளை கைநழுவினால்? இதே பட்டத்தோடு டி.என்.பி.எஸ்.சி. தோட்டக்கலை அலுவலர் தேர்வு எழுதலாம், வங்கிகளின் வேளாண் அதிகாரி தேர்வும் எழுதலாம். கணவரின் அண்ணனிடம் சொல்ல இது போதும்.

வருமானத்தில் கனவு காண வேண்டாம். ஏழில் ஐந்து ஏக்கர் ஒயின் ரகம், ஏக்கருக்கு நான்கு டன் என்று வைத்தால் 20 டன். டன்னுக்கு 600 லிட்டர்; 12,000 லிட்டர்; 16,000 பாட்டில். அவ்வளவுதான். விளைச்சலை இரட்டிப்பாக்கினால் இனிப்பு ஏறாது. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில், மற்ற மாநிலங்களில் ஒவ்வொன்றுக்கும் வேறு விதி, வேறு கட்டணம். இந்த அளவு ஆலைக்குத் தோட்டத்துக்கே வந்து வாங்குபவர்தான் தெம்பு. கர்நாடகத்தில் 2007-இலேயே ஒயினுக்கென்று தனிக் கொள்கை வந்துவிட்டது, தனி வாரியமும் இருக்கிறது. அந்தக் கொள்கையின் சலுகைகளைப் படித்துப் பார்க்கும் வேலையை உங்கள் தம்பியிடம் கொடுங்கள்.

தம்பி என்றதும் அடுத்தது. இதில் நீங்கள் தயங்கக் கூடாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-இலும், கர்நாடகத்தில் 1994-இலும், நாடு முழுக்க 2005-இலும் வந்தது. ஆனால் தாத்தா தானே சம்பாதித்து வாங்கிய நிலம் என்றால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எனவே பேத்தி நாலு வருடம் படிக்கும் முன் தாத்தாவும், தம்பியும், நீங்களும் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுங்கள். நிலம் துண்டாகாமல் கூட்டு நிறுவனமாக இருக்குமா? மகளுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? ஆலை உரிமம் யார் பெயரில் இருக்கிறது, அவர் காலத்துக்குப் பின் அது கைமாற என்ன வழி? "வீட்டுப் பிள்ளைதானே" என்று சம்பளமில்லாமல் உழைக்க வைத்து, பத்து வருடம் கழித்துப் பாகம் பிரிக்க உட்கார்ந்தால் பெண்ணின் இளமை போனதுதான் மிச்சம். தம்பி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் தோட்டக்கலை படிக்கட்டும். தோட்டத்தை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தாத்தாவின் ஆசைக்காகவும் பிள்ளையைத் தள்ளாதீர்கள். விடுமுறைக்குப் போய்ப் பழம் பறித்துத் தின்பது வேறு. மார்ச்சில் பொதுத்தேர்வு முடியும், ஏப்ரலில் அடிக்கவாத்து. நான்கு வாரம் அனுப்புங்கள். காலை ஆறு மணிக்குக் கத்தரியோடு வரிசையில் நிற்கட்டும், வெயிலேறும் வரை வெட்டட்டும், மாலையில் அன்றைய கூலிக் கணக்கை எழுதட்டும். நாலாவது வாரம் அவள் வாயிலிருந்து கேள்விகள் வந்தால் விண்ணப்பம் போடுங்கள். "வேண்டாம்மா" என்றால் ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிடுங்கள்; தாத்தாவுக்கு நீங்கள் சமாதானம் சொல்லுங்கள்.

அதற்கு முன் பொங்கலுக்குப் போவீர்கள் அல்லவா, அப்போது சிவப்பு ரகங்கள் நிறம் மாறும் நேரம். சாற்றின் இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிக் கையில் கொடுத்தனுப்புங்கள். காலையில் ஓர வரிசைகளை விட்டுவிட்டு, வரிசையின் இரு பக்கமும், குலையின் மேல், நடு, அடி என்று மாற்றி மாற்றி 100 பழம் பறித்து, பிளாஸ்டிக் பையில் நசுக்கி, ஒரு சொட்டு வைத்துப் பார்க்கட்டும். மேல் சரிவுக்கு ஒன்று, கீழ்ச் சரிவுக்கு ஒன்று, தனித்தனியாக. தேதியோடு எழுதிவைத்து, மூன்று நாள் கழித்து மறுபடியும் எடுக்கட்டும். அந்தத் தாளையும், ஆலை உரிமத்தின் நகலையும், நிலப் பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு ஜனவரி கடைசியில் மகளோடு வாருங்கள். கணவரின் அண்ணனும் வரட்டும்.