டிலோரியன் மாடலில் அச்சு வரிகள் தெரிவது பற்றி

3டி பிரிண்ட் செய்த டிலோரியன் காருக்கு வெள்ளி ஸ்பிரே அடித்ததும் அச்சு வரிகள் (அடுக்கடுக்காக அச்சாகும்போது விழும் கோடுகள்) எழுந்து தெரிகின்றன, இன்னொரு கோட் அடித்தால் மறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறையாது, தயவுசெய்து அடிக்காதீர்கள். உலோக நிறப் பெயிண்ட் பள்ளத்தை நிரப்பாது, கீறலைக் கூட்டித்தான் காட்டும்.

இருப்பதை 240 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து இறக்குங்கள். ஃபில்லர் பிரைமர் (பள்ளத்தை நிரப்பும் அடிப்பூச்சு) அடித்து, நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் தொட்டு 400, 800, 1500 நம்பர் தாள்கள் என்று ஏறுங்கள். நடுவில் மெல்லிதாகக் கறுப்பு ஸ்பிரே தூவிவிட்டுத் தேய்த்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும், அங்கே பட்டி வைக்கலாம். அலுப்பான வேலைதான், ஆனால் முக்கால்வாசி அழகு இதில்தான் இருக்கிறது. அப்புறம் பளபளப்பான கறுப்பு, அது முழுக்கக் காய்ந்தபின் வெள்ளியை மெல்லிய கோட்டுகளாக. மழை ஈரத்தில் அடித்தால் லாக்கர் வகை ஸ்பிரே பெயிண்ட் வெளுத்துவிடும்.

இன்னொன்று, அசல் வண்டிக்குப் பெயிண்டே கிடையாது, 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேய்த்து அப்படியே விட்டிருப்பார்கள். அதனால் கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம். காய்ந்த வெள்ளியின் மேல் மிக மென்மையான ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நாரை ஒரே திசையில் லேசாக இழுங்கள், அழுத்தினால் கறுப்பு வெளியே வந்துவிடும், முதலில் வேண்டாத துண்டில் பழகிக்கொள்ளுங்கள். மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்காதீர்கள், உலோகக் களை போய்விடும்.