விளையாட்டு உளவியல் கேள்வி பதில்: பதற்றத்தோடு ஆடப் பழகுவது

வணக்கம். தடகளம், கபடி, பேட்மின்டன் ஆடுகிறவர்களோடு மனப்பயிற்சி வேலை செய்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பாதிக்கு மேல் "பதற்றம் போக என்ன வழி" என்பதுதான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் 100 மீட்டர் ஓடுகிறேன். ட்ராக்கில் பெயர் கூப்பிட்டதுமே வயிற்றைக் கலக்குகிறது, கை சில்லிட்டுப் போகிறது. பதற்றமே வராமல் இருக்க என்ன செய்யணும்?

பதில்: வராமல் இருக்க வழி தேட வேண்டாம். அட்ரினலின் ஏறும்போது ரத்தம் வயிற்றை விட்டுத் தசைகளுக்குப் போகிறது, அந்தக் கலக்கல் அதனால்தான், ஓடுவதற்கு உங்களுக்கு வேண்டியதும் அதுவேதான். ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மேடையில் பேசுவதற்கு முன்பும் கணக்குத் தேர்வுக்கு முன்பும் தங்களை அமைதிப்படுத்தப் பார்த்தவர்களைவிட, அதை உற்சாகமாக எடுத்துக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அதனால் "பயப்படாதே" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதை விடுங்கள், "உடம்பு ரெடியாகிவிட்டது" என்று சொல்லுங்கள். மூச்சை நாலு எண்ணிக்கை இழுத்து ஆறு எண்ணிக்கை விடுங்கள், ஐந்தாறு முறை போதும். அப்புறம் முதல் அடிக்கு ஒரே ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள், "தள்ளு" மாதிரி. இதையெல்லாம் போட்டியன்று முதல்முறையாகச் செய்தால் வேலை செய்யாது, பிராக்டீஸில் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் செய்யணும்.

கேள்வி: ஸ்கூல் ஃபுட்பால் டீமில் இருக்கிறேன் அண்ணா. பிராக்டீஸில் பெனால்டி எல்லாம் உள்ளே போகிறது, மேட்சில் வெளியே அடிக்கிறேன். ஏன்?

பதில்: தம்பி, பழகிப்போன ஒரு வேலையை நடுவில் நிறுத்திக் கவனிக்க ஆரம்பித்தால் அது கெட்டுப்போகும். உளவியல் ஆய்வாளர் சியான் பெய்லாக்கும் அவருடன் இருந்தவர்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ள கோல்ஃப் வீரர்களை மட்டை அசைவையே கவனித்து அடிக்கச் சொன்னார்கள். பந்து இலக்கை விட்டு இன்னும் தள்ளித்தான் போய் நின்றது. அதே ஆய்வில் ஃபுட்பால் புதிதாகக் கற்றவர்களுக்கோ அந்த மாதிரிக் கவனம் உதவியது. மேட்சில் நீ செய்வதும் அதைத்தான், பாதம் எப்படி, இடுப்பு எப்படி என்று உள்ளே பார்க்கிறாய். பார்வை வெளியே இருக்கட்டும். பந்தை வைக்கும்போதே எந்த மூலை என்று முடிவு செய், பிறகு மாற்றாதே. இன்னொன்று, ரெஃப்ரி விசில் அடித்ததும் ஓடிவிடாதே. நார்வேயின் கெயிர் யோர்டெட் பெரிய போட்டிகளின் பெனால்டி ஷூட்அவுட்டுகளை வீடியோவில் ஆராய்ந்தவர், விசிலுக்கு அப்புறம் அவசரமாக ஓடி அடித்தவர்கள் அதிகம் தவறவிட்டதாக அவர் கண்டார். ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போ. பிராக்டீஸிலும் டீம் மொத்தமும் கோட்டில் நின்று கத்தட்டும், ஆளுக்கு ஒரே ஒரு பெனால்டி, தவறினால் எல்லாரும் ஒரு ரவுண்டு ஓடணும். வரிசையாக இருபது அடிப்பது காலுக்குப் பயிற்சி, மனசுக்கு இதுதான் பயிற்சி.

கேள்வி: கண்ணை மூடி மெடல் வாங்குகிற மாதிரி தினமும் நினைத்துப் பார்க்கிறேன். பலன் இருக்குமா?

பதில்: மெடலை நினைப்பது சந்தோஷம் தரும், அவ்வளவுதான். ஆட்டத்தை நினைக்கணும். உங்கள் கண் வழியாக, நிஜ வேகத்தில், கையில் இருக்கும் ராக்கெட்டின் கனத்தோடு. கெட்டுப்போகிற இடங்களையும் சேர்த்து. நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கு அவருடைய கோச் பாப் போமன் இந்தப் பழக்கத்தைச் சின்ன வயதிலேயே கொடுத்திருந்தார். 2008 பெய்ஜிங்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, கடைசியில் சுவரே தெரியவில்லை. எத்தனை ஸ்ட்ரோக் என்று எண்ணிக்கொண்டே நீந்தி 1:52.03-ல் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். "இப்படி நடந்தால் நான் என்ன செய்வேன்" என்பதற்கு முன்கூட்டியே பதில் இருந்தால் அந்த நேரத்தில் மனசு திகைத்து நிற்காது. கபடி ரைடராக இருந்தால், இரண்டு ரைடு வெறுமனே திரும்பி வந்து மூன்றாவது டூ ஆர் டை (பாயின்ட் எடுத்தே ஆகணும், இல்லையென்றால் அவுட்), அதைத்தான் ஓட்டிப் பாருங்கள், சுலபமான பாயின்ட்டை அல்ல.

கேள்வி: மகளுக்கு 12 வயது, பேட்மின்டன். அகாடமியில் பெரியவர்களையே ஜெயிக்கிறாள், டோர்னமென்ட்டில் முதல் ரவுண்டிலேயே தோற்கிறாள். எவ்வளவோ எடுத்துச் சொல்லிவிட்டேன். அவள் மனசை எப்படி உறுதியாக்குவது?

பதில்: ஐயா, தோற்ற அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்ன பேசுகிறீர்கள்? என்னிடம் வருகிற பிள்ளைகள் பலர் எதிராளிக்குப் பயப்படுவதில்லை, அந்தப் பயணத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். பாயின்ட் போனதும் கேலரியில் அப்பா முகத்தைப் பார்க்கிற குழந்தைக்கு அடுத்த சர்வீஸில் கவனம் எப்படி இருக்கும்? மூன்று மாதம் மேட்ச் முடிந்ததும் "என்ன சாப்பிடலாம்" என்று மட்டும் கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவளாகவே ஆரம்பித்தால் பேசுங்கள், திருத்தங்களைக் கோச் சொல்லட்டும். அவரிடமும் ஒன்று கேளுங்கள், பிராக்டீஸில் 18-18-லிருந்து கேம் ஆடவைக்கிறாரா? இறுக்கமான ஸ்கோரை டோர்னமென்ட்டில் மட்டுமே பார்க்கிற பிள்ளை அங்கே தடுமாறத்தான் செய்யும்.

கேள்வி: முழங்கால் லிகமென்ட் ஆபரேஷன் முடிந்து பத்து மாதம். டாக்டர் ஆடலாம் என்கிறார், ஆனால் ரைடு போனதும் கால் தயங்குகிறது. கோழையாகிவிட்டேனா?

பதில்: இல்லவே இல்லை. முழங்கால் தேறிவிட்டாலும், அதை நம்புகிற மனசு பின்னால்தான் வரும், அதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். எந்த அசைவுக்குப் பயம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு எழுதுங்கள். மூன்று போட்டதை முதலில் செய்யுங்கள், தனியாக, மெதுவாக, அது ஒன்றுக்கு இறங்கியதும் அடுத்தது. கணுக்கால் பிடி கடைசியில் வரட்டும். பிசியோவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைக்காலஜிஸ்ட்டிடம் போனால் மனசு பலவீனமானவன் என்று டீமில் பேச மாட்டார்களா?

பதில்: பேசுகிறவர்கள் பேசட்டும். நம்ம சென்னை குகேஷ் 2024-ல் சிங்கப்பூரில் டிங் லிரனை எதிர்த்து உலக செஸ் பட்டத்துக்கு ஆடியபோது பேடி அப்டன் அவருக்கு மனப்பயிற்சியாளர். முதல் ஆட்டத்திலேயே தோற்றவர், மூன்றாவதில் ஜெயித்துச் சமன் செய்து, 14-வது ஆட்டத்தில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். 2011 உலகக் கோப்பையை ஜெயித்த இந்திய கிரிக்கெட் அணியோடும் அதே அப்டன் இருந்தார். ஆனால் ஒன்று, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் போல இருக்கிறது என்றால் அது மனப்பயிற்சியில் தீர்கிற விஷயம் இல்லை, மனநல மருத்துவரைப் பார்க்கணும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தயங்காமல் இன்றைக்கே கூப்பிடுங்கள்.

கேள்வி: மேட்சுக்கு முந்தின ராத்திரி தூக்கமே வருவதில்லை.

பதில்: நிறையப் பேருக்கு அப்படித்தான். ஒரு ராத்திரி குறைந்ததால் ஆட்டம் விழுந்துவிடாது, அதையே நினைத்துக் கவலைப்படுவதுதான் இன்னும் கெடுக்கும். அதற்கு முந்தைய நாலைந்து ராத்திரி நன்றாகத் தூங்கி வையுங்கள், அன்றைக்குப் போனை வேறு அறையில் வைத்துவிட்டுச் சும்மா படுத்திருங்கள்.