புரோகிராமிங் தெரியாத பிள்ளைகளுக்கு நீருக்கடி ரோபோ கற்றுத் தர முடியுமா?

பாளையங்கோட்டைப் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரோபோட்டிக்ஸ் தொடங்க, கம்ப்யூட்டர் இல்லாமல் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உண்டு. பிவிசி குழாய்ச் சட்டம், மூன்று சிறிய டிசி மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, சுவிட்சுகள், நீளமான ஒயர் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீருக்கடி ரோபோ கட்டக் கற்றுத் தரும் அமெரிக்காவின் சீபெர்ச் திட்டமும் இதே வழிதான். ரேடியோ அலை தண்ணீருக்குள் சீக்கிரம் மங்கிவிடும், அதனால்தான் ரிமோட் இல்லாமல் ஒயர். மோட்டாரைச் சிறு டப்பாவில் வைத்து மெழுகு ஊற்றி அடைக்க வேண்டும். இரண்டு மோட்டார் முன்னே போகவும் திரும்பவும். ஒன்று ஏறி இறங்க.

பிள்ளைகள் அதிகம் மல்லுக்கட்டப் போவது மிதப்போடுதான். அவசரப்படுத்தாதீர்கள், பாடமே அங்கேதான் இருக்கிறது. குழாயில் துளை போட்டுத் தண்ணீர் புகவிட்டு, மேலே மிதவை, கீழே எடை கட்டச் சொல்லுங்கள். இரண்டு லிட்டர் நீரை விலக்கும் ரோபோ தாமிரபரணித் தண்ணீரில் மூழ்காமலும் மேலே வராமலும் நின்றால், திருச்செந்தூர்க் கடலில் மிதந்துவிடும். கடல்நீர் அடர்த்தி கூடுதல். சுமார் 50 கிராம் சேர்க்க வேண்டியிருக்கும். வாளியில் உப்பைக் கரைத்தும் இதைக் காட்டலாம்.

சோதனையைச் சிமென்ட் தொட்டியில் வையுங்கள், ஆற்றில் வேண்டாம். அப்புறம், தொட்டி அருகே பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது.