காலை நீட்டுவது – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் தேவாலயப் பங்கின் குழுவோடு சனிக்கிழமைதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். சாப்பாடு பரிமாறுவது, விரிப்பு மாற்றுவது, நகம் வெட்டிவிடுவது. அந்த முகங்களில் கிறிஸ்துவைப் பார்க்க முயல்கிறேன், களைப்புதான் மிஞ்சுகிறது. ஒரு பாட்டி வேறு, தன் தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்து எனக்கு நீட்டுவார், வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பத்தை வாங்கும்போதும் மனம் வறண்டே கிடக்கிறது. சேவையே போதும், பூசை எதற்கு என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா? நான் வேறு குழுவுக்கு மாறலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பரை விடுங்கள். பூசையை விட்டவர்கள் எல்லாரும் நேராகச் சேவைக்குப் போய்விடுவதில்லை.

'முகங்களில் கிறிஸ்துவைப் பார்க்க முயல்கிறேன்' என்ற வரிதான் எனக்கு எரிச்சலூட்டியது. ஏன், அந்தப் பாட்டிக்கென்று ஒரு முகம் இல்லையா? மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பின்போது வலப்பக்கம் நிற்பவர்கள், 'எப்போது உம்மைப் பசித்தவராகக் கண்டோம்?' என்று கிறிஸ்துவிடம் திகைத்துப்போய்க் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பசித்தவருக்குச் சாப்பாடு போட்டார்கள், அவ்வளவுதான். நீங்களோ நகம் வெட்டி முடிப்பதற்குள் தரிசனம் கிடைத்ததா என்று பார்க்கிறீர்கள்.

போகட்டும். நான் கொஞ்ச நாளாக இயேசுவின் சீடர் பேதுருவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற மூன்று நற்செய்திகளிலும் அப்பமும் கிண்ணமும் வரும் கடைசி இரவு உணவில், யோவான் மட்டும் தண்ணீரையும் துண்டையும் வைக்கிறார்; இயேசு சீடர்களின் காலைக் கழுவ வருகிறார். 'நீர் என் காலைக் கழுவ விடவே மாட்டேன்' என்கிறார் பேதுரு. இயேசுவின் காலைக் கழுவச் சொல்லியிருந்தால் முதல் ஆளாகக் குனிந்திருப்பார். தன் காலை நீட்டத்தான் முடியவில்லை. கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று இயேசு சொன்னதும், 'அப்படியானால் கையையும் தலையையும் சேர்த்து' என்கிறார். வாங்கிக்கொள்வதிலும் அளவு அவர் சொன்னதாக இருக்க வேண்டும்! இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்கூடப் பேசாமல் நீட்டியிருக்கிறான்.

அந்த இரவை நினைவுகூரும் பெரிய வியாழனன்று, 2013இல், போப் பிரான்சிஸ் ரோமில் இளங்குற்றவாளிகளின் சிறையில் மண்டியிட்டுப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். பெண்களும் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். எல்லாரும் அவர் குனிந்ததைப் பேசினார்கள். எனக்கோ, அந்தப் பிள்ளைகள் எப்படித்தான் காலை நீட்டினார்களோ என்றிருந்தது.

இடுப்பெலும்பு முறிந்து நான் படுத்திருந்தபோது என் தம்பி வந்து கால் கழுவிவிடுவான். படிக்கவைத்தது, வேலைக்கு அலைந்தது எல்லாம் அவனுக்காக நான் செய்தவை. வீட்டில் கொடுக்கிறவன் நான்தான். 'நர்ஸைக் கூப்பிடுடா' என்பேன். 'சும்மா இருண்ணா' என்று, குதிகால் வெடிப்பில் சோப்பை மெல்லத் தேய்த்து, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைப்பான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவனுக்கு நான் செய்தபோதெல்லாம் நாளும் நேரமும் என் கையில் இருந்தன. இப்போது அவன் வரும் நேரத்துக்கு நான் காத்திருந்தேன். ஒருநாள் சுவரை விட்டு அவனைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அன்று இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த ரொட்டிக்கு வருகிறேன். அந்தப் பாட்டியிடம் கொடுப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? தனக்கு வைத்ததில் பாதியைப் பிய்த்து நீட்டுகிறார். நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். மறுநாள் கோயிலில் வரிசையில் நின்று கை நீட்டுகிறீர்கள், மனம் வறண்டு கிடக்கிறது என்கிறீர்கள். கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களைத் திருத்தூதர் பவுல் திட்டுவது இந்த விஷயத்துக்குத்தான்: ஒருவர் பசித்திருக்க இன்னொருவர் குடித்து வெறித்திருந்தார், அது ஆண்டவரின் திருவிருந்தே அல்ல என்று எழுதினார். நீங்கள் குடிக்கவில்லை, சரி. ஆனால் ஒரே பந்தியில் பரிமாறுகிறவராக மட்டுமே இருப்பேன் என்று அடம்பிடிக்கிறீர்கள். அது பணிவு என்று வேறு நினைத்துக்கொள்கிறீர்கள். இயேசு உயிர்த்தெழுந்த பிறகு எம்மாவு என்ற ஊருக்குப் போன சீடர் இருவரும் வழியெல்லாம் அவரோடு பேசியும் அவரை அறியவில்லை. அவர் பிட்டுக் கொடுத்த அப்பத்தை வாங்கியபோதுதான் கண் திறந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வாரந்தவறாமல் போகிறீர்கள், நகம் வெட்டிவிடுகிறீர்கள். என்னால் அது முடியாது. இந்தச் சனிக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீட்டுவதை வாங்கிச் சாப்பிடுங்கள். சுகர், கிருமி என்றெல்லாம் காரணம் சொல்லி எனக்குத் திரும்ப எழுத வேண்டாம்.

குழு மாறுவதைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.