பருவநிலை, துருவ, நீர் ஆய்வுக்கு மூத்த பேராசிரியர்களை அழைத்துவர நல்ல சம்பளம் மட்டும் போதுமா?

போதாது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

துறைக்கு நிதி வந்துவிட்டது, இரண்டு முறை விளம்பரம் போட்டும் தகுந்த ஆள் வரவில்லை, சம்பளத்தை இன்னும் கூட்டினால் வருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் துறைத்தலைவராகவோ துணைப் புலத்தலைவராகவோ இருப்பீர்கள். மேலிடம் பெயர்களைக் கேட்கிறது, காட்டப் பெயர் இல்லை. அந்த நெருக்கடியை நான் பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. மலேசியாவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் புலத்தில் 29 ஆண்டுகள் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். ஆள் எடுக்கும் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும், வரும். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. "கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவருக்கு ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும்" என்று யாராவது கேட்கலாம். ஆராய்ச்சியை அவர்கள் செய்தார்கள். ஆனால் ஒருவர் வந்து சேர்ந்ததும் வராமலே போனதும் கோப்பில் நடந்த காரியம். அது எனக்குத் தெரியும்.

எனக்கு ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரப்பரும் பிறகு செம்பனையும் சூழ்ந்த தோட்டப்புறப் பட்டணம். 2007இல் ஊரின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பழைய பெயருக்கு மலாயில் ஏதோ கொச்சையான அர்த்தம் வருகிறதாம். மூன்று தலைமுறை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கடிதம் வாங்கினோம், பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் எடுத்தோம். எங்கள் தெருவில் யாரையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் ஊர்ப்பெயரை எழுதும்போதெல்லாம் இது மனதில் வந்து நிற்கிறது. நான் பழைய பெயரைத்தான் எழுதுவேன்.

அப்பா பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். 1961 முதல் 1992 வரை தினமும் காலையில் ஆபீஸ் முன்னால் இருந்த மழைமானியில் அளவு எடுத்து எழுதியது அவர்தான். செம்புப் புனல், அடியில் கண்ணாடிப் புட்டி. புட்டியில் சேர்ந்ததை அளவுக் குழாயில் ஊற்றி, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து எழுதுவார். தொடக்கப் பதிவேடுகளில் அங்குலக் கணக்கு, பின்னால் மில்லிமீட்டர். ஓரத்தில் சின்ன எழுத்தில் 'வெட்டு இல்லை' என்று இருக்கும். விடியலில் மழை பிடித்தால் ரப்பர் மரப் பட்டை நனைந்துவிடும், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பாலோடு தண்ணீர் கலந்துவிடும், அன்றைக்குப் பால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லை என்றால் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அன்றைக்குச் சம்பளம் இல்லை. தோட்டம் கைமாறி, ஆபீஸைக் காலி செய்தபோது, குப்பைக்குப் போகவிருந்த பதிவேடுகளை அப்பா தகரப் பெட்டியில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

2014இல் எங்கள் புலம் நீரியலில் மூத்த பேராசிரியர் ஒருவரைத் தேடியது. விளம்பரத்தைப் பார்த்து வந்த விண்ணப்பங்களில் ஒன்றும் தேறவில்லை, உங்களுக்கு நடந்த மாதிரியே. ஐம்பது வயதில், சொந்த ஆய்வுக் குழுவும் முனைவர் பட்ட மாணவர்களும் இருக்கிற ஒருவர் பத்திரிகை விளம்பரம் பார்த்து வேலை தேடமாட்டார். அவர் மதிக்கும் ஒருவர் தொலைபேசியை எடுத்து "வா, இங்கே உனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். எங்கள் புலத்தில் ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்த ஒரு பேராசிரியர் அப்படித் தன் பழைய மாணவியை அழைத்தார். பனியாறுகள் உருகி ஆறுகளில் சேரும் நீரைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் ஆய்வு செய்தவர், வயது 54. எங்கள் ஊருக்கு அடுத்த தோட்டத்தில் பால் வெட்டிய ஓர் அம்மாவின் மகள்.

அவர் வந்தது மார்ச் மாதம். அந்த வருட வறட்சி மலேசியர்களுக்கு ஞாபகம் இருக்கும். சிலாங்கூர் அணையில் நீர் இறங்கி, கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. அந்தப் பகுதியின் குடிநீரில் பாதிக்கும் மேல் எங்கள் ஊர் ஆறுதான் கொடுக்கிறது. பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளின் தண்ணீரைக்கூட ஆற்றில் இறைத்துவிட்டார்கள். நேர்முகத் தேர்வு முடிந்த மறுநாள் அவருக்கு ஒரு நாள் ஓய்வு. என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன், இரட்டைக் கோபுரம் என்பார் என்று நினைத்து. "உங்க ஊர்ல ஆத்துல தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும்" என்றார்.

ஆற்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனேன். குழாயில் தண்ணீர் இல்லை, வாளியில் பிடித்து வைத்ததில்தான் அம்மா காப்பி போட்டார். அப்பாவுக்கு அப்போது 79 வயது. "நீங்க யாரு மகம்மா?" என்று கேட்டார். அவர் தன் அம்மாவின் பெயரையும் தோட்டத்தின் டிவிஷனையும் சொன்னார். அத்தனை பெரிய பேராசிரியர் எங்கள் அப்பாவை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டார், அந்தக் காலத்துப் பிள்ளைகள் கிராணியாரைக் கூப்பிட்ட மாதிரி. மழைக் கணக்கைப் பற்றிப் பேச்சு வந்ததும் அப்பா பெட்டியைத் திறந்தார்.

பேராசிரியர் முதலில் தேடி எடுத்தது 1971 ஜனவரி. கோலாலம்பூரே வெள்ளத்தில் மூழ்கிய மாதம். அந்த வாரம் முழுக்க ஓரத்தில் 'வெட்டு இல்லை', 'வெட்டு இல்லை' என்று வரிசையாக இருந்தது. விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, "இந்த வாரம் எங்க வீட்ல மரவள்ளிக்கிழங்குதான், ஐயா" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு மூன்று மணி நேரம் இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். மழைமானி எப்போதாவது இடம் மாறியதா, பக்கத்தில் மரம் வளர்ந்ததா, அப்பா லீவில் போனால் யார் எழுதினார்கள் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரே இடத்தில் ஒரே ஆள் 31 வருடம் எடுத்த கணக்கு கிடைப்பது அபூர்வம் என்றார். காரில் திரும்பும்போது, "நான் வரேன். இதை வெச்சே முதல் மாணவருக்கு வேலை கொடுப்பேன்" என்றார்.

சம்பளம் தடையாக இல்லை. ஐரோப்பாவில் வாங்கியதைவிடக் குறைவுதான், அவரே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடு திரும்பும் நிபுணர்களுக்கு 5 ஆண்டுகள் 15 விழுக்காடு வரி மட்டும் என்ற சலுகையும் அப்போது இருந்தது.

தடை வேறு இடத்தில் வந்தது. நிரந்தரப் பதவி என்றால் ஐந்தாம் படிவத் தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட் வாங்கிய சான்றிதழ் வேண்டும். 1977இல் எழுதிய தேர்வு. சான்றிதழ் லயத்து வீட்டோடு எப்போதோ போய்விட்டது. உலகம் முழுக்க அவர் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிறார்கள், நாங்கள் அவரிடம் பதினேழு வயதுச் சான்றிதழைக் கேட்டுக் கடிதம் அனுப்பினோம். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். விதி விதிதான் என்று சொல்பவர்கள் இருப்பார்கள், மலாய்மொழி தேவையில்லை என்று நானும் சொல்லவில்லை. நகல் எடுக்கத் தேர்வு வாரியத்துக்கு எழுதி, பதில் வந்து, அது மேலே போய், கூட்டம் தள்ளிப்போய், அடுத்த கூட்டத்தில் வேறு கேள்வி கிளம்பி, கடைசியில் 11 மாதம் கழித்து வந்தது மூன்று வருட ஒப்பந்தம். 60இல் எப்படியும் ஓய்வு, அதனால் இதுவே போதும் என்று குறிப்பு.

"மூணு வருஷத்துல ஒரு ஆத்தோட குணம் தெரியுமா, அக்கா?" என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுவார். நம் பக்கம் வறட்சியைக் கொண்டுவரும் எல் நினோ வருவதே இரண்டு முதல் ஏழு வருடத்துக்கு ஒரு தடவை. மூன்று வருடத்தில் ஒன்றுகூட வராமல் போகலாம். அதற்குள் அவருடைய கணவருக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. உண்மையில் அதை யாரும் கேட்கவே இல்லை. பேராசிரியர் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டார்.

கனடாவைப் பாருங்கள். 2008இல் அரசு ஒரு திட்டம் போட்டது. ஓர் ஆய்வு இருக்கைக்கு, அதாவது ஒரு மூத்த ஆய்வாளர் பதவிக்கு, 7 ஆண்டுகளில் 1 கோடி கனடிய டாலர் வரை. பணத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம், அது ஒருவருடைய சம்பளம் இல்லை. அவரோடு வரும் இளம் ஆய்வாளர்கள், மாணவர்கள், கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். 2010இல் தேர்வான முதல் 19 பேரில் ஹோவர்ட் வீட்டர் லண்டன் இம்பீரியல் கல்லூரியை விட்டு, குளிரில் உறையும் சஸ்காச்சுவானுக்கு நீர் ஆய்வுக்காகப் போனார். சோரன் ரிஸ்கார்ட் கிரீன்லாந்திலிருந்து மனிட்டோபாவுக்கு, ஆர்க்டிக் ஆய்வுக்காக. சஸ்காச்சுவானில் பனி நீரை ஆய்வு செய்யும் ஜான் பொமராய் போன்றவர்கள் முன்பே இருந்தார்கள், அளவெடுக்கும் நிலையங்களும் இருந்தன. வீட்டர் வெறும் கட்டடத்துக்குப் போகவில்லை. 2016இல் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 7 கோடியே 78 லட்சம் டாலரில் பெரிய நீராய்வுத் திட்டம் தொடங்கியது. ஏழு வருடம் உறுதியாகக் கொடுத்ததால் வந்த பலன் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

அங்கேயும் குறை உண்டு. அந்த 19 பேரில் ஒரு பெண்கூட இல்லை, அதற்காக நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிறகு டென்மார்க்கின் பனிக்கட்டி ஆய்வாளர் டோர்த்தே டால் யென்சன் மனிட்டோபாவுக்கு வந்தார். உங்கள் பட்டியலில் ஆண்கள் மட்டுமே இருந்தால், பட்டியல் போட்டவர் யாரையெல்லாம் கேட்டார் என்று பாருங்கள்.

"நம்ம சூட்டு நாட்டுக்குப் பனி ஆராய்ச்சி எதற்கு" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்கிறார்கள். உலகின் நன்னீரில் பாதிக்கும் மேல் அண்டார்டிக்காவில் பனிக்கட்டியாக இருக்கிறது. அது உருகிக் கடல் ஏறினால் எங்கள் ஆறு கடலில் சேரும் கோல சிலாங்கூர் கரையும் தப்பாது. உப்புத் தண்ணீர் ஆற்றில் மேலே ஏறினால் கம்போங் குவாந்தானில் மின்மினிகள் தங்கும் பெரெம்பாங் மரங்கள் என்ன ஆகும்? அன்றைய பிரதமர் மகாதீர் 1982இல் ஐ.நா.வில் அண்டார்டிக்காவைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். 2002இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்டிக் ஆய்வு மையம் வந்தது, 2011இல் நாடு அண்டார்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பருவநிலையில் நம் ஆட்களுக்குத் திறமை இல்லை என்றும் சொல்லாதீர்கள். ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் முதல் பணிக்குழுவுக்குத் துணைத்தலைவராக இருந்த பிரெடோலின் தங்காங் மலேசியர்.

எனவே சம்பளத்தைக் கூட்டுவதற்கு முன்னால், ஒப்பந்தத்தை ஏழு வருடமாக்க முடியுமா என்று கேளுங்கள். அறுபதைத் தாண்டினாலும் ஆய்வுக்கூடத்தையும் மாணவர்களையும் விட்டுவிடத் தேவையில்லை என்று எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சாக இல்லாமல். கோப்பைத் தள்ளிக்கொண்டு போக, துணைவேந்தர் அறைக்குள் நேராக நுழையக்கூடிய ஒரே ஒரு ஆளை வையுங்கள். துணைவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி, இதெல்லாம் முதல் கடிதத்திலேயே வரட்டும். அப்புறம், வருகிறவருக்கு என்ன காட்டப் போகிறீர்கள்? புதுக் கட்டடத்தைக் காட்டாதீர்கள். உங்கள் வட்டாரத்து ஆறு, ஏரி, கடற்கரையைப் பற்றி நாற்பது, ஐம்பது வருடக் கணக்கு எங்கேயாவது கிடக்கும். பழைய தோட்ட ஆபீஸ், பாசன இலாகா, ஓய்வு பெற்ற கிராணி வீடு, எங்கே என்றாலும் போய்த் தேடுங்கள்.

அப்பா 2017இல் காலமானார். பதிவேடுகள் என்னிடம்தான் இருக்கின்றன. பேராசிரியர் இன்னும் எழுதுகிறார், ஒரு மாணவி அந்தக் கணக்கை வைத்து ஆய்வு செய்கிறாராம். போன வாரம், நான் அனுப்பிய பதிவேட்டுப் படங்களில் 1978 ஜூன் மட்டும் இல்லை என்று மின்னஞ்சல் வந்தது. அந்த இரண்டு பக்கமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மெல்லிய அட்டையை நடுவில் விட்டு மெதுவாகப் பிரித்தால் வரும் போலத் தெரிகிறது. வெயில் நன்றாக அடிக்கிற நாளாகப் பார்த்து, வாசலில் வைத்துப் பிரிக்க வேண்டும்.