கார்த்திகை தாண்டினால் சம்பா தப்பிச்சதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒன்பது மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நிலம், சி.ஆர்.1009 என்ற நீண்டகால நெல் ரகம் போடுகிறேன். கார்த்திகை போய்விட்டால் புயல் பயம் இல்லை என்பார் அப்பா. ஆனால் 2021, 2023 இரண்டு வருடமும் அறுக்கிற சமயம் பார்த்து மழை வந்து பயிர் படுத்துவிட்டது. நீண்டகால ரகத்தையே விட்டுவிடலாமா?

பதில்: அப்பா சொல்வது புயலுக்குப் பெரும்பாலும் சரி. நாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்ட 1977 புயல் நவம்பர் 12, நிஷா 2008 நவம்பர் 27, கஜா 2018 நவம்பர் 16. எல்லாமே ஐப்பசிக் கடைசி, கார்த்திகை முதல் பாதிதான். ஆனால் பெயர் வைத்த புயல் வந்தால்தான் நெல்லுக்கு நட்டமா என்ன? 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியதே, அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு. 2021 ஜனவரியிலும் புயல் கிடையாது, கிழக்குக் காற்று இழுத்து வந்த மழை, பருவமழை விடைபெறவே ஜனவரி 19 ஆகிவிட்டது. 2023இல் பிப்ரவரி முதல் வாரம் இலங்கையைக் கடந்த ஒரு தாழ்வு மண்டலம்.

மழை எத்தனை செ.மீ. என்பதைவிட அன்றைக்குப் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. நிஷாவில் ஒரத்தநாட்டில் ஒரு நாள் மழை 66 செ.மீ., ஆனாலும் தூர்கட்டும் இளம்பயிர் என்றால் தண்ணீரை வேகமாக வடித்துவிட்டால் மீட்க வழி உண்டு. வடிந்ததும் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போட வேண்டும். முற்றிய கதிருக்கு இந்த வைத்தியம் எதுவும் செல்லாது, நாலைந்து செ.மீ. மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் மூன்றாம் நாளே முளை எட்டிப் பார்க்கும். வெள்ளத்தைத் தாங்கும் சப்-1 ரகம் போட்டிருக்கிறேனே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தக் குணம் இளம்பயிர் மூழ்கினால்தான் உதவும், அறுவடை நேரத்தில் அல்ல.

ஆகவே ரகத்தை விட வேண்டாம், விதைக்கிற தேதியைப் பாருங்கள். சி.ஆர்.1009 ஏறத்தாழ 155 நாள். ஆகஸ்ட் நடுவில் விதைவிட்டால் ஜனவரி மூன்றாவது வாரம் அறுக்கலாம், ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்று செப்டம்பர் நடுவுக்குத் தள்ளினால் பிப்ரவரி நடு. ஒரு மாதம் தள்ளியும் பயிர் வயலிலேயே நிற்கும், அதுதான் வம்பு. செப்டம்பர் பிறந்தும் விதைக்க முடியவில்லையா, தயங்காமல் டி.கே.எம்.13 மாதிரி 130 நாள் ரகத்துக்கு மாறிவிடுங்கள். வெள்ளைப் பொன்னி ஆசை மட்டும் வேண்டாம், அது லேசான காற்றுக்கே படுத்துவிடும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் எந்த ரகமும் படுக்கும், அது வேறு விஷயம்.

தை பிறந்ததும் ஐந்து நாள் வானிலை அறிவிப்பைத் தினமும் பாருங்கள். கதிரில் எண்பது விழுக்காடு மணி பழுத்திருந்து, மழைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கிறதென்றால் அறுத்துவிடலாம். நாளைக்கே மழை என்றால் அவசரப்பட்டு அறுத்துக் களத்தில் குவிக்காதீர்கள், நிற்கிற பயிரைவிடக் குவித்த நெல் சீக்கிரம் கெடும். அதற்குப் பதில் மண்வெட்டியோடு போய் தண்ணீர் வடிய வரப்பை வெட்டிவிட்டு, வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நிலம் சேறாகிவிட்டால் டயர் வைத்த அறுவடை மிஷின் இறங்காது, செயின் மிஷின்தான், அதற்கு வாடகையும் கூட, நேரமும் கூட. போன தடவை என் மைத்துனர் அதற்காக நான்கு நாள் காத்திருந்தார், ஐந்தாம் நாள் வந்தது, அதற்குள் பாதி நெல் முளைத்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள், தளர்வு அறிவிப்பு வந்தாலும் மத்தியக் குழு வந்து பார்த்துப் போன பிறகுதான் வரும், அதுவரை தார்ப்பாயும் வெயிலும்தான் கதி.

அறுப்புக்கு முன்பே நெல் வயலில் உளுந்து தெளிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தெளிப்பதாக இருந்தால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தெளியுங்கள், தேங்கின தண்ணீரில் விதை இரண்டே நாளில் அழுகிவிடும்.