வேன் வாடகை ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து?

கேள்வி: எனக்கு வயது 41. தனியார் நிறுவன வேலை. பிடித்தம் போகக் கைக்கு 1,35,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கடன் தவணை 38,000. வீட்டுச்செலவு, பள்ளிக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 57,000 ஆகிறது. வங்கியில் 4 லட்சம் எஃப்.டி. உள்ளது. வரும் டிசம்பரில் நியூசிலாந்தின் தெற்குத் தீவை கேம்பர்வேனில் (படுக்கையும் சமையல் வசதியும் உள்ள வேன்) 13 நாள் சுற்றிவர ஆசை. நான், மனைவி, 11 மற்றும் 6 வயதில் இரண்டு பிள்ளைகள், மனைவியின் தம்பி, அவர் மனைவி என ஆறு பேர். ஆறு பேர் படுக்கும் பெரிய வேன் எடுத்தால் மொத்தம் 12 லட்சம் ஆகும் என்கிறார் டிராவல் ஏஜென்ட். வங்கி 14 சதவீதத்தில் 9 லட்சம் தனிநபர் கடன் தருவதாக எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறது. மீதி 3 லட்சத்தை எஃப்.டி.யிலிருந்து எடுப்பேன், மைத்துனர் அதைத் திரும்பி வந்ததும் தந்துவிடுவார். போன வருடம் தாய்லாந்து போனபோதும் நான்தான் கார்டில் கட்டினேன். அதில் அவர் பங்கு 1,40,000 இன்னும் வரவில்லை. கார்டில் 1,80,000 நிலுவை இருக்கிறது. மாதம் 10,000 தவறாமல் கட்டுகிறேன். கடன் எடுப்பதா, எஃப்.டி.யை முழுவதும் உடைப்பதா என்று குழப்பமாக இருக்கிறது.

பதில்: கடனா, எஃப்.டி.யா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறு வரி: “நான்தான் கார்டில் கட்டினேன்.” தாய்லாந்தில் அந்தப் பழக்கத்துக்கு விலை 1,40,000. கேம்பர்வேனில் அது பல மடங்கு ஆகும். ஏன் என்று சொல்வதற்கு முன் கார்டைப் பார்த்துவிடலாம்.

நிலுவை 1,80,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்தால் 6,300 ரூபாய். வட்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சுமார் 1,130. ஆக, நீங்கள் தவறாமல் கட்டும் 10,000த்தில் ஏறத்தாழ 7,400 வட்டிக்கும் வரிக்குமே போகிறது. அசலில் கழிவது 2,600. இதற்கிடையே கார்டில் வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். எஃப்.டி.யில் ஏழு சதவீதம் வாங்கிக்கொண்டு கார்டுக்கு ஆண்டுக்கு 42 சதவீதம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எஃப்.டி.யில் 1,80,000த்தை இந்த வாரமே உடைத்துக் கார்டை அடைத்துவிடுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி பிடிக்கும் அரை அல்லது ஒரு சதவீதத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

இனி வேன். ஏஜென்ட் சொன்ன 12 லட்சம் குறைவு. ஒரு நியூசிலாந்து டாலரை 55 ரூபாய் என்று வைத்துத் தோராயமாகப் போட்டுப் பார்க்கிறேன். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை அங்கே கோடையின் உச்சம். பெரிய வேனுக்கு நாள் வாடகை 400 டாலர் என்று வைத்தால் 13 நாளுக்கு 5,200. விபத்துப் பொறுப்பைக் குறைக்கும் காப்பீட்டுக்கு நாளுக்கு 60 வீதம் 780. கிரைஸ்ட்சர்ச்சில் கிளம்பி டெக்காபோ, மவுன்ட் குக், குயின்ஸ்டவுன், மில்ஃபோர்டு சவுண்டு, மறுபடி மேலேறி ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கடற்கரை, ஆர்தர்ஸ் பாஸ் வழியாகத் திரும்பினால் 1,900 கி.மீ. வரும். பெரிய வேன் 100 கி.மீ.க்கு 14 லிட்டர் டீசல் குடித்தால் 530 டாலர். அங்கே டீசல் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி தனி. வாடகை நிறுவனங்கள் வண்டியைத் திருப்பித் தரும்போது 100 கி.மீ.க்கு 8 முதல் 10 டாலர் என வசூலிப்பார்கள். அது ஒரு 170. ஏஜென்ட்கள் பெரும்பாலும் விட்டுவிடும் தொகை இது. ராத்திரி நிறுத்த மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க்கில் ஆள் கணக்கில்தான் கட்டணம்: ஆறு பேருக்கு 140 வீதம் எட்டு இரவு, மற்ற நாலு இரவு அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை முகாம்களில் 75 வீதம், ஆக 1,420. கூட்டினால் 8,100 டாலர், நாலரை லட்சம் ரூபாய். விமானம் ஆளுக்கு 1,30,000 என்றால் 7,80,000. விசா, அங்கு பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளிடம் ஆளுக்கு வாங்கும் 100 டாலர் சுற்றுலா வரி, மருத்துவக் காப்பீடு என ஆளுக்கு 25,000. சாப்பாடு, மில்ஃபோர்டு படகு போன்றவற்றுக்கு 1,40,000. மொத்தம் 15 லட்சத்தைத் தாண்டுகிறது.

ஆறில் இரண்டு பேர் என்றால் மைத்துனர் பங்கு 5 லட்சம். அவர் தருவதாகச் சொல்வது 3 லட்சம், அதுவும் திரும்பி வந்த பிறகு. அதாவது அவர் சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினாலும் உங்களுக்கு 2 லட்சம் துண்டு விழும்.

கடன் கணக்கு இன்னும் கசப்பு. 9 லட்சம், 14 சதவீதம், மூன்று ஆண்டு: தவணை 30,760. வட்டி மட்டும் 2,07,000. வீட்டுக்கடனோடு சேர்த்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். கூடவே கார்டுக்குப் பத்தாயிரம். இந்த நிலையில் ஒரு மாதச் சம்பளம் தள்ளிப்போனால் நீங்கள் இன்னொரு கடனைத் தேடித்தான் போவீர்கள்.

இனி வேன் ஒப்பந்தத்தில் போடும் கையெழுத்துக்கு வருகிறேன். கேம்பர்வேனை யார் பெயரில் எடுக்கிறோமோ அவர் தலையில்தான் எல்லாமே விழும். வண்டியைக் கொடுக்கும்போது அவர் கிரெடிட் கார்டில் ஒரு தொகையை முடக்கிவைப்பார்கள். கூடுதல் காப்பீடு எடுக்காவிட்டால் பெரிய வேனுக்கு அது 5,000 முதல் 7,500 டாலர்வரை போகும்; 7,500 என்றால் 4 லட்சம் ரூபாய்க்கு மேல். 1,80,000 நிலுவையுள்ள கார்டில் அவ்வளவு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் கவுன்ட்டரில் நின்றுகொண்டு அவர்கள் நீட்டும் விலையுயர்ந்த காப்பீட்டை வாங்கியே ஆக வேண்டும். சில நிறுவனங்கள் தொகையை முடக்காமல் எடுத்தே விடும். எடுக்கும்போது ஒரு மாற்று விகிதம், திருப்பும்போது இன்னொன்று, வங்கியின் 3.5 சதவீத அயல்நாணயக் கட்டணம் வேறு. 4 லட்சம் போய்த் திரும்பி வந்தாலும் பதினைந்தாயிரம் குறைந்திருக்கலாம்.

மைத்துனர் ஓட்டும்போது வண்டியின் கூரை தாழ்வான மரக்கிளையில் உரசினால்? பல நிறுவனங்களின் மலிவான காப்பீட்டில் கூரையும் அடிப்பாகமும் சேராது. அது உங்கள் கார்டிலிருந்து போகும். குயின்ஸ்டவுன் அருகே ஸ்கிப்பர்ஸ் சாலை போன்ற இடங்களில் வாடகை வண்டிக் காப்பீடே செல்லாது. தண்ணீர்த் தொட்டியில் டீசல் ஊற்றுவது, டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போடுவது, இதெல்லாம் விடுமுறைக்கு வந்தவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறுகள். இவற்றுக்கும் காப்பீடு வராது. அனுமதியில்லாத இடத்தில் இரவு நிறுத்தினால் அபராதம் 400 டாலரிலிருந்து. முகாம் அல்லாத பொது இடங்களில் தங்க, வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறையும் அதற்கான பச்சை நிறச் சான்றும் வேண்டும். எத்தனை பேருக்கான சான்று என்று அதிலேயே இருக்கும். ஆறு பேர் போனால் ஆறு என்று இருக்க வேண்டும். அபராதச் சீட்டு ஊர் திரும்பிய பிறகும் நிறுவனத்தின் கையாளும் கட்டணத்தோடு சேர்ந்து வரும். “மாமா, நீங்க உங்க கார்டுலயே போட்டுடுங்க, அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்” என்பவரிடம் மூன்று மாதம் கழித்து இந்தச் சீட்டைக் காட்டிப் பணம் கேட்க உங்களால் முடியுமா? தாய்லாந்துப் பணத்தையே கேட்க முடியவில்லை.

மைத்துனரும் வரட்டும். அவர்கள் பெயரில், அவர்கள் கார்டில், இரண்டு பேர் படுக்கும் சின்ன வேன் ஒன்று; உங்கள் நாலு பேருக்கு நாலு படுக்கை வேன் ஒன்று. வழி ஒன்றுதான், இரவில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திச் சேர்ந்து சமைக்கலாம். ஒப்பந்தம், முடக்குத் தொகை, அபராதம் எல்லாம் அவரவருக்கு. ஏழு மீட்டர் நீளமுள்ள பெரிய வேனை ஹாஸ்ட் கணவாயின் வளைவுகளில் ஓட்டுவதைவிடச் சின்ன வண்டிகள் சுலபமும்கூட. “ஒரே வண்டியில போனாத்தான் ஜாலி” என்பார். நீங்கள் விட்டுக்கொடுக்கக்கூடாத இடம் இதுதான். முதலில் உங்கள் மனைவியிடம் இந்த 5 லட்சம், 2 லட்சம் கணக்கைக் காட்டுங்கள். தம்பியிடம் அவர் பேசினால் கசப்பு குறையும். பழைய 1,40,000த்தை ஒரு தேதி குறித்து ஒருமுறை கேளுங்கள். ஆனால் வரும் என்று எந்தத் திட்டத்திலும் சேர்க்காதீர்கள்.

டிசம்பரையும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஏற்றது மே மாதத்தின் முதல் இரண்டு வாரம். நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை, அங்கே இலையுதிர் காலத்தின் கடைசி. அந்நாட்டுப் பள்ளிகளின் ஏப்ரல் விடுமுறையும் முடிந்திருக்கும் என்பதால் வேன் வாடகை கோடையில் பாதிக்கும் கீழே இறங்கும். குறை இல்லாமல் இல்லை: மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், இரவில் கடுங்குளிர். வண்டி நிற்கும்போதும் ஓடும் டீசல் ஹீட்டர் உள்ள வேனையே கேளுங்கள். மின்சார ஹீட்டர் மட்டும் என்றால் தினமும் மின் இணைப்புள்ள இடத்துக்குப் பணம் கட்ட வேண்டிவரும். மில்ஃபோர்டு சாலையில் பனி விழுந்தால் சக்கரச் சங்கிலி கட்டாயமாகும். குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டுக்கு ஒருவழி 290 கி.மீ.; ஒரே நாளில் போய்வர முயலாமல் டீ ஆனாவில் தங்கி, அங்கேயே டீசல் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். ஏழு வயது நிரம்பாத பிள்ளைக்கு அந்த வயதுக்கான இருக்கை சட்டப்படி கட்டாயம். பல வேன்களில் எல்லா இருக்கையிலும் அதைப் பொருத்த முடியாது; பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள்.

நாலு பேருக்கு மே மாதக் கணக்கு: வேன் 12 நாள் 160 வீதம் 1,920 டாலர், காப்பீடு 720, டீசலும் சாலை வரியும் 570, தங்குமிடம் 820. மொத்தம் 4,030 டாலர், 2,22,000 ரூபாய். விமானம் 4,40,000, விசா வகையில் 1 லட்சம், சாப்பாடும் சீட்டுகளும் 86,000. எட்டரை லட்சத்தில் அடங்கும். மேலே 9 லட்சத்துக்குச் சொன்ன வட்டியைப் பாருங்கள். கிட்டத்தட்ட இந்த வேன் செலவு முழுவதும் அது.

கார்டை அடைத்ததும் மாதம் 40,000 மிஞ்சும். 38,000த்தை ஆர்.டி.யில் போட்டால் 21 மாதத்தில் வட்டியோடு 8,40,000. இந்த ஆகஸ்டில் ஆரம்பித்தால் அடுத்ததற்கு அடுத்த ஆண்டு ஏப்ரலில் கையில் இருக்கும். எஃப்.டி.யில் மிஞ்சும் 2,20,000 அவசரத்துக்கு; அதுவே போதாது, போனஸ் வந்தால் அதில் சேருங்கள். 21 மாதப் பணத்தை சிறு நிறுவனப் பங்குகளில் முதலிடும் ஸ்மால் கேப் ஃபண்டில் போடச் சொல்லி யாராவது வருவார்கள். புறப்படும் மாதத்தில் சந்தை 20 சதவீதம் இறங்கியிருந்தால் விமான டிக்கெட்டை யார் வாங்குவது? “இப்போது பயணம், பிறகு பணம்” திட்டங்கள் பெயர் மாற்றிய தனிநபர் கடன்தான். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’யிலும் வட்டி இருக்கிறது. விற்பவர் அதைத் தள்ளுபடியாகக் காட்டுகிறார், வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் உங்களுக்கு. விடுமுறை கிளப் உறுப்பினர் அட்டை பக்கமே போகாதீர்கள். ஏஜென்ட் மூலம் பேக்கேஜாக எடுத்தால் பிடிக்கும் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) உங்கள் வரிக்கணக்கில் வரவு வைக்கப்படும்; அலுவலகத்தில் தெரிவித்தால் சம்பள டி.டி.எஸ்.ஸிலேயே கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, செலவைக் குறைக்க ஊறுகாய், பொடி, பருப்பு என்று மூட்டை கட்டுவீர்கள். கொண்டுபோகும் ஒவ்வொன்றையும் விமான நிலையப் படிவத்தில் எழுதுங்கள். எழுதினால் மிஞ்சிப்போனால் பொருளை வாங்கிக்கொள்வார்கள். எழுதாமல் பிடிபட்டால் 400 டாலர், 22,000 ரூபாய். விசா வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்க வேண்டாம். வேனுக்கும் முன்பணம் மட்டும் கட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

கார்டு நிலுவையை முழுதாக அடைத்த பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் ஆயிரம், இரண்டாயிரம் வட்டி வந்து நிற்கும். பில் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள்வரைக்கானது அது. அதையும் உடனே கட்டிவிடுங்கள். அதற்கடுத்த ஸ்டேட்மென்ட்டில் வட்டி வரிசையில் பூஜ்யம் வந்த பிறகு ஆர்.டி.யைத் தொடங்குங்கள்.